பழைய சாலை வரைபடங்களும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பழைய சாலை வரைபடங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த இரண்டு பல்கலைக்கழக ஊர்களைப் பற்றியும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

சாலை வரைபடத்துக்கும் கல்லூரி வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? இரண்டும் வேறு வேறு துறைகள் இல்லையா?

கல்லூரி என்றால் மணிக்கூண்டும் நூலகமும் புல்வெளியும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் இடைக்காலக் கல்லூரி முதலில் ஒரு நிலவுடைமையாளர். அதன் வருமானம் பல நாள் பயணத் தொலைவில் இருந்த நிலங்களின் குத்தகையிலிருந்து வந்தது. குத்தகை வசூலிக்க, கணக்குப் பார்க்க, வழக்கு நடத்த யாராவது குதிரையேறிப் போயே ஆக வேண்டும்.

மெர்ட்டன் கல்லூரியையே பாருங்கள். 1264-இல் வால்டர் டி மெர்ட்டன் எழுதிய சட்டதிட்டங்களின்படி அதன் அறக்கட்டளை இருந்தது ஆக்ஸ்ஃபோர்டில் அல்ல, சர்ரி மாவட்டத்து மால்டனில். அங்கிருந்து வரும் வருமானத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்கள் படித்தார்கள். 1274-இல்தான் எல்லாம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியது. பிறகு வடகோடியில், நார்தம்பர்லாந்திலும் அதற்குச் சொத்துகள் சேர்ந்தன. 1331 குளிர்காலத்தில் கல்லூரித் தலைவரும் இரண்டு ஃபெல்லோக்களும் (கல்லூரியை நிர்வகிக்கும் கல்விமான்களான உறுப்பினர்கள்) டர்ஹம், நியூகாஸில் வரை போய் வந்த பயணத்தின் செலவுக் கணக்கு இன்னும் இருக்கிறது. சாலை கெட்டால் கல்லூரியின் சாப்பாடே கெடும் நிலைமை. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

இங்கிலாந்தின் மிகப் பழைய சாலை வரைபடம் எது?

பொதுவாகக் கஃப் வரைபடத்தைச் சொல்வார்கள். தோலில் வரையப்பட்டது, காலம் சுமாராக 1400-ஐ ஒட்டியது. கிழக்கு மேலே இருக்கும்படி பிரிட்டன் படுத்துக் கிடக்கும். ஊர்களுக்கு நடுவே சிவப்புக் கோடுகள், அவற்றின் மேல் ரோமன் எண்களில் தொலைவு.

ஆனால் அந்தச் சிவப்புக் கோடுகள் எல்லாமே சாலைகள்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. லண்டனிலிருந்து டோவருக்குப் போகும் சாலை அந்தக் காலத்தின் மிக முக்கியமான சாலைகளில் ஒன்று. அது இதில் கோடாக வரவே இல்லை. ஆகவே 'சாலை வரைபடம்' என்று சொல்லும்போது கொஞ்சம் தயக்கத்தோடு சொல்வதே நல்லது.

இதை ரிச்சர்ட் கஃப் 1774-இல் ஓர் ஏலத்தில் அரை கிரவுனுக்கு, அதாவது இரண்டரை ஷில்லிங்குக்கு, வாங்கினார். அவர் படித்தது கேம்பிரிட்ஜின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில். சேகரிப்பு 1809-இல் போய்ச் சேர்ந்ததோ ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்கு.

ஓகில்பி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவர் அப்படி என்ன செய்தார்?

ஜான் ஓகில்பி 1675-இல் 'பிரிட்டானியா' என்ற சாலை அட்லஸை வெளியிட்டார். செப்பில் செதுக்கி அச்சிட்ட 100 தகடுகள், 73 முக்கியச் சாலைகள், ஏறத்தாழ 7,500 மைல். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவை. மேற்கு ஐரோப்பாவில் ஒரு நாட்டின் சாலைகளை அதற்கு முன் யாரும் இப்படி அளந்து வரைந்து அச்சிட்டதில்லை.

அவருடைய வாழ்க்கையும் கவனிக்கத் தக்கது. 1600-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். நடன ஆசிரியராக இருந்தார். காலில் அடிபட்டு நொண்ட வேண்டியதாயிற்று. டப்ளினில் நாடக அரங்கம் நடத்தினார். அப்புறம் லத்தீன் படித்து ரோமானியக் கவிஞர் விர்ஜிலை மொழிபெயர்த்தார். 1666-இல் லண்டன் பெருந்தீயில் அவருடைய புத்தகச் சரக்கு எரிந்துபோனது. அந்த இழப்புக்குப் பிறகு, அறுபது வயதைத் தாண்டிய நிலையில்தான் நில அளவைப் பக்கம் வருகிறார். அட்லஸ் வெளிவந்த அடுத்த வருடமே இறந்துவிட்டார். எழுபத்தைந்து வயதில் ஒருவர் நாட்டுக்கே புதிய வரைபட முறையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அளந்தது சக்கரத்தால். கைப்பிடி வைத்த பெரிய சக்கரத்தை ஒருவர் தள்ளிக்கொண்டே நடப்பார். எத்தனை சுற்று என்று முகப்பில் உள்ள முள் காட்டும். அதுவரை ஊருக்கு ஊர் 'மைல்' வேறுபட்டது. 1593-ஆம் வருடச் சட்டம் 1,760 கஜத்தை ஒரு மைல் என்று வரையறுத்திருந்தாலும் ஜனங்கள் தங்கள் வழக்க மைலையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது சட்ட மைலைவிட நீளம். எனவே ஓகில்பியின் அட்டவணைகளில் 'மதிப்பிட்ட' தொலைவு குறைவாகவும் 'அளந்த' தொலைவு அதிகமாகவும் இருக்கும். இதை அச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். 1,760 கஜ மைல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்ததில் இந்த அட்லஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓகில்பி சாலையை நீண்ட பட்டைகளாக வரைந்திருக்கிறாரே, அந்தப் பட்டை வரைபடத்தை எப்படிப் படிப்பது? மேல் கீழ் எதுவும் புரியவில்லை.

இடது பக்கப் பட்டையின் அடியில் தொடங்குங்கள். மேலே போய் முடிந்ததும் அடுத்த பட்டையின் அடிக்கு வாருங்கள். அப்படியே வலது ஓரம் வரை. சுருட்டி வைத்த ஒரு நீண்ட தாளை மடித்து மடித்துக் காட்டுவது போல வரைந்திருக்கிறார்கள்.

வடக்கு எப்போதும் மேலே இருக்காது. சாலை திரும்பும்போது திசை மாறும். அதனால் ஒவ்வொரு பட்டையிலும் தனித் திசைகாட்டி இருக்கும். சாலையின் இருபுறமும் அழுத்தமான கோடு இருந்தால் வேலியிட்ட நிலம்; புள்ளிக்கோடு இருந்தால் திறந்தவெளி. குன்று நிமிர்ந்து இருந்தால் ஏற்றம், தலைகீழாக இருந்தால் இறக்கம். கிளைச் சாலை பிரியும் இடத்தில் அது எந்த ஊருக்குப் போகிறது என்று எழுதியிருப்பார்கள். குதிரையில் போகிறவனுக்கு வேண்டியது இவ்வளவுதான், அவ்வளவும் அதில் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போகும் சாலைக்கும் அட்லஸில் இடம் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

மிகப் பழைய கல்லூரி எது?

ஆக்ஸ்ஃபோர்டில் மூன்று கல்லூரிகள் இந்த இடத்துக்குப் போட்டியிடுகின்றன. யுனிவர்சிட்டி கல்லூரி, 1249-இல் டர்ஹம் வில்லியம் விட்டுச்சென்ற பணத்தைக் காட்டுகிறது. பாலியோல் 1263-ஐச் சொல்கிறது. மெர்ட்டன் 1264-ஆம் வருடச் சட்டதிட்டங்களைக் காட்டுகிறது. பணம் முதலில் வந்ததா, மாணவர்கள் முதலில் தங்கினார்களா, சட்டதிட்டம் முதலில் வந்ததா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். என்னைக் கேட்டால் மெர்ட்டன்தான். தானே தன்னை நிர்வகிக்கும், சொந்தச் சொத்துள்ள அமைப்பு என்ற கல்லூரி வடிவம் அங்கேதான் எழுத்தில் உறுதியானது. கேம்பிரிட்ஜின் முதல் கல்லூரியான பீட்டர்ஹவுஸ் 1284-இல் தொடங்கியபோது அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டது.

ஒன்பதாம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டைத் தொடங்கினார் என்று படித்தேனே?

அது கட்டுக்கதை. ஆனால் சாதாரணக் கட்டுக்கதை அல்ல. 1727-இல் யுனிவர்சிட்டி கல்லூரியின் தலைவர் பதவித் தகராறு நீதிமன்றம் போனபோது, கல்லூரி ஆல்ஃபிரட் நிறுவிய அரச அறக்கட்டளை என்றே தீர்ப்பானது. அடுத்த வருடமே அந்தக் கல்லூரியின் முன்னாள் ஃபெல்லோ வில்லியம் ஸ்மித், ஆவணங்களைக் காட்டி அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். ஆனாலும் 1872-இல் கல்லூரி தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது.

கேம்பிரிட்ஜும் சும்மா இருக்கவில்லை. கான்டபர் என்ற ஸ்பானிய இளவரசன் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தங்கள் பல்கலைக்கழகத்தை நிறுவினான் என்றார்கள். இந்தப் பழமைச் சண்டையில் கேம்பிரிட்ஜுக்காக வாதாடிய ஜான் கீஸ் 1574-இல் வெளியிட்ட வரலாற்று நூலுக்காகத்தான் ரிச்சர்ட் லைன் கேம்பிரிட்ஜ் நகர வரைபடத்தைச் செதுக்கினார். கதை பொய், ஆனால் அதனால் நமக்குக் கிடைத்த வரைபடம் உண்மை.

கல்லூரிகளைப் பார்க்க எந்த நகர வரைபடங்கள் நல்லவை?

கேம்பிரிட்ஜுக்கு லைன் (1574), ஜான் ஹாமண்ட் (1592). ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரால்ஃப் அகாஸ் (1578-இல் வரைந்தது). இரண்டு ஊர்களுக்கும் டேவிட் லோகன்: ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பு 1675-இல், ஓகில்பியின் அட்லஸ் வந்த அதே வருடம், கேம்பிரிட்ஜ் தொகுப்பு 1690-இல். லோகன் ஒவ்வொரு கல்லூரியையும் பறவைப் பார்வையில் வரைந்திருக்கிறார், தோட்டத்துப் பாத்தி வரை. அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு நகர வரைபடத்தில் தெற்கு மேலே இருக்கும், கவனம்.

இன்றைய நகரத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இல்லாதவையும் தெரியும். லோகனில் ராட்கிளிஃப் கேமரா என்ற வட்ட வடிவ நூலகக் கட்டடம் கிடையாது. அது 1737-க்கும் 1749-க்கும் இடையில் கட்டியது; அந்த இடத்தில் லோகன் காட்டுவது நெருக்கமான வீடுகள். அதேபோல 'ஹால்' என்ற பெயர்கள் நிறைய இருக்கும். அவை மாணவர்கள் தங்கிய விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல்வர் உண்டு, ஆனால் கல்லூரிகளைப் போல அறக்கட்டளைச் சொத்து இல்லை. பல மறைந்துவிட்டன. செயின்ட் எட்மண்ட் ஹால் மட்டும் தாக்குப்பிடித்து 1957-இல் கல்லூரியானது.

கல்லூரிகள் தெருக்களையே மாற்றின என்பது உண்மையா?

உண்மை. மிகப் பெரிய உதாரணம் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி. 1441-இல் ஆறாம் ஹென்றி அதைத் தொடங்கியபோது, ஊரின் நடுப்பகுதியில் வீடுகள், சந்துகள், ஆற்றங்கரைத் துறைகள், ஒரு தேவாலயம் ஆகியவற்றை வாங்கி அகற்றினார்கள். ஆற்றுக்கு இணையாக ஓடிய மில்ன் தெரு நடுவில் வெட்டுப்பட்டது. தெற்குத் துண்டு இன்று குவீன்ஸ் லேன், வடக்குத் துண்டு டிரினிட்டி லேன். இரண்டையும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இணைத்துப் பாருங்கள், நடுவே கிங்ஸ் கல்லூரி உட்கார்ந்திருக்கும். ஒரு வணிக ஊரின் துறைமுகத் தெரு அப்படித்தான் போனது. கிங்ஸ் தேவாலயத்தின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

ஆக்ஸ்ஃபோர்டில் நியூ கல்லூரியின் கதை வேறு. 1379-இல் விக்கம் வில்லியம் என்ற ஆயர் வாங்கிய இடம் நகர மதிலை ஒட்டியது. அந்த மதிலைப் பழுதுபார்த்து வைப்போம் என்று கல்லூரி ஒப்புக்கொண்டது. இன்றும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நகர மேயர் வந்து மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு மதிலில் நன்றாக எஞ்சியிருக்கும் நீளமான பகுதி அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

கல்லூரிகள் சாலைக்காக ஏதாவது செய்தனவா?

செய்தன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கேம்பிரிட்ஜில் 1350-இல் தொடங்கிய டிரினிட்டி ஹால் ஒரு சட்டக் கல்லூரி. அதன் தலைவராக இருந்த வில்லியம் மவுஸ் 1588-இல் இறந்தார். அவரும் ராபர்ட் ஹேர் என்பவரும் விட்டுச்சென்ற அறப்பணம் கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள சாலைகளை, முக்கியமாகப் பார்க்வே என்ற ஊரை நோக்கிப் போகும் சாலையை, சீர்செய்வதற்கானது. லண்டனுக்குப் போகும் வழி அது.

நூறு வருடத்துக்கு மேல் கழித்து, வில்லியம் வாரன் என்ற ஃபெல்லோ அந்தச் சாலையை அளந்தார். தொடக்கப் புள்ளி கேம்பிரிட்ஜின் கிரேட் செயின்ட் மேரி தேவாலயக் கோபுரம். 1725 அக்டோபர் 20 அன்று முதல் ஐந்து கற்களை நட்டார்கள். சில வருடங்களில் பார்க்வே வரை 16 மைலுக்கும் கல் வந்தது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு பிரிட்டனில் முறையாக நட்ட முதல் மைல்கற்கள் இவை என்று சொல்வார்கள். பெரிய கற்களில் டிரினிட்டி ஹாலின் சின்னமான பிறை செதுக்கியிருக்கும். பல கற்கள் இன்றும் சாலையோரம் நிற்கின்றன.

ஓகில்பி சக்கரத்தால் அளந்து தாளில் போட்டதை, ஐம்பது வருடம் கழித்து ஒரு கல்லூரி கல்லில் போட்டது. வரைபடம் வாங்க வசதியில்லாத வண்டிக்காரருக்கும் தொலைவு தெரிந்தது.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து போக எவ்வளவு நேரம் ஆகும்?

1669 ஏப்ரல் 26-ஐப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ஆண்டனி வுட் எழுதி வைத்திருக்கிறார். அன்று 'பறக்கும் வண்டி' என்ற விரைவுக் குதிரை வண்டி முதல்முறையாக ஒரே நாளில் லண்டன் போனது. காலை ஆறு மணிக்கு ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு எதிரே கிளம்பி மாலை ஏழு மணிக்குச் சேர்ந்தது. பதின்மூன்று மணி நேரம். அதற்கு முன் வழியில் இரவு தங்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பக்கம் தாமஸ் ஹாப்சன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. லண்டனுக்குச் சரக்கும் கடிதமும் கொண்டுபோனவர், மாணவர்களுக்குக் குதிரை வாடகைக்கு விட்டவர். குதிரை களைத்துப்போகக் கூடாது என்பதற்காக, வாசலுக்குப் பக்கத்தில் முறைப்படி நிற்கும் குதிரையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் விதி. 1631 ஜனவரியில் இறந்தார். கொள்ளைநோய் காரணமாக லண்டன் பயணம் தடைபட்டிருந்த காலம் அது. அப்போது கிறைஸ்ட்ஸ் கல்லூரி மாணவராக இருந்த கவிஞர் மில்டன் அவரைப் பற்றிக் கவிதை எழுதினார்.

ரயில் வந்ததும் கல்லூரிகள் வரவேற்றனவா?

இல்லை. மாணவர்கள் லண்டனுக்கு ஓடிவிடுவார்கள் என்று இரண்டு பல்கலைக்கழகங்களும் பயந்தன. ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் 1844-இல், கேம்பிரிட்ஜுக்கு 1845-இல்தான் வந்தது. கேம்பிரிட்ஜ் நிலையம் நடு ஊரிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறது.

ஸ்பீடின் மாவட்ட வரைபடத்தில் சாலையே இல்லையே? அது குறைபாடா?

குறைபாடு இல்லை, அக்கால வழக்கம். சாக்ஸ்டன் (1579), ஜான் ஸ்பீட் (1611-12) ஆகியோரின் மாவட்ட வரைபடங்களில் ஆறு, பாலம், பூங்கா, ஊர் எல்லாம் இருக்கும், சாலை இருக்காது. ஜான் நார்டனின் 1593 மிடில்செக்ஸ் வரைபடத்தில் சாலைகள் உண்டு, அது விதிவிலக்கு. ஓகில்பிக்குப் பிறகு, ராபர்ட் மார்டனின் 1695 வரைபடங்களிலிருந்து சாலைக் கோடுகள் வழக்கமாயின.

ஸ்பீடின் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாவட்டத் தாள்களில் வேறொரு செல்வம் இருக்கிறது: ஓரத்தில் கல்லூரிகளின் சின்னங்கள், அங்கியணிந்த கல்விமான்கள், மூலையில் நகரத்தின் சிறு வரைபடம்.

என்னிடம் உள்ள தாள் அசலா, மறுபதிப்பா?

முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுக் கைத்தாளில் சீரான இடைவெளியில் கோடுகளும் சில சமயம் நீர்க்குறியும் தெரியும். கோடே இல்லாத வழுவழுப்பான தாள் 1750-களில்தான் தொடங்கியது. ஓகில்பி என்று சொல்லி அப்படிப்பட்ட தாளில் இருந்தால் அது அசல் இல்லை. அடுத்து, படத்தைச் சுற்றிச் செப்புத் தகடு அழுத்திய விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் கோடுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சிறு புள்ளிகளாக உடைந்தால் நவீன அச்சு.

அளவும் உதவும். ஓகில்பியின் தகடு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் அகலம். கையளவுத் தாளில் இரண்டு பக்கமும் பட்டை வரைபடம் இருந்து, ஊர் வரலாறும் சின்னங்களும் நெருக்கியடித்து இருந்தால் அது பெரும்பாலும் ஓகில்பியின் வரைபடங்களைச் சுருக்கி எமானுவேல் போவன் செதுக்கிய, 1720-இல் தொடங்கிய சிறிய பதிப்பு. அதுவும் அருமையான பொருள்தான், வேறு பொருள் என்று தெரிந்து வாங்கினால் சரி. வண்ணம் பிறகு பூசியதாக இருக்கலாம். அதனால் தாள் போலியாகிவிடாது, ஆனால் 'அக்கால வண்ணம்' என்று சொல்லி விலை கூட்டினால் கேள்வி கேளுங்கள்.

ஒரே நிகழ்வுக்கு இரண்டு வருடம் போட்டிருக்கிறார்களே?

1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புது வருடம் மார்ச் 25-இல் பிறந்தது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளில் ஒரு வருட வித்தியாசம் வரும். மேலே சொன்ன ஹாப்சனின் மரணத்தை அக்கால ஆவணங்கள் 1630 என்றே எழுதும்.

கல்லூரிகளிலேயே பழைய வரைபடங்கள் இருக்கின்றனவா?

நிறைய. ஆல் சோல்ஸ் கல்லூரியின் தலைவர் ராபர்ட் ஹோவன்டன், 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தங்கள் நிலங்கள் முழுவதையும் அளந்து வரையச் சொன்னார். தாமஸ் லாங்டன் முதலியோர் வரைந்த அந்தத் தொகுப்பில் வயல், வேலி, வண்டிப்பாதை எல்லாம் இருக்கின்றன. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1576-ஆம் வருடச் சட்டப்படி கல்லூரிக் குத்தகையில் மூன்றில் ஒரு பங்கைக் கோதுமையாகவும் மால்ட்டாகவும் (முளைகட்டி உலர்த்திய பார்லி), அல்லது அன்றைய சந்தை விலைக்கு ஈடான பணமாகவும் வாங்க வேண்டும். விலைவாசி ஏற ஏறக் கல்லூரியின் வருமானமும் ஏறியது. அப்படியானால் எது யாருடைய வயல் என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தேசிய அட்லஸ்களில் கிடைக்காத சின்னச் சின்னப் பாதைகள் இந்தக் குத்தகை வரைபடங்களில்தான் இருக்கின்றன. ஓகில்பியின் பட்டையில் 'இன்ன ஊருக்கு' என்று எழுதி அறுந்துபோகும் கிளைச் சாலை எங்கே போய் முடிந்தது என்று தேடுகிறவர்கள், அந்த ஊரில் எந்தக் கல்லூரிக்கு நிலம் இருந்தது என்று முதலில் கண்டுபிடித்து, அந்தக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.